சீன எழுத்தின் பிறப்பும் சிறப்பும்

சம்பள நாளன்று தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குச் செல்லும் நம் மக்கள், சீன மருந்துக்கடை ஒன்றையேனும் கடந்து சென்றிருப்பர். கடையின் பின்சுவர் முழுவதும் சின்னஞ்சிறு இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறையின் முகத்திலும் இரண்டு மூன்று எழுத்துகள். மருந்துக்காரர் சிறு தராசுக் கோலைக் கையிலேந்தி, எழுத்தை ஒருமுறை பார்த்து, வேரும் பட்டையும் எடுத்து நிறுத்துக் காகிதத்தில் மடித்துத் தருவார். வாயிலின் மேலே கறுப்புப் பலகையில் பொன்னிறத்தில் பெரிய எழுத்துகள் ஒளிவிடும். நாம் அவற்றைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். 'கோழி கிளறியது போல் இருக்கிறது' என்று நகைத்தும் இருக்கிறோம். ஆயின், அவ்வெழுத்து 3,000 ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது வழங்கி வருவது என்பதையும், அதன் தொன்மை வடிவம் உலகிற்கு மீண்டும் தெரியவந்த வரலாறு இத்தகைய மருந்துக்கடைகளோடு பிணைந்தது என்பதையும் நம்மிற் பலர் அறியோம்.

சீனரிடையே வழங்கும் பழங்கதை ஒன்றை முதலிற் கூறிவிடுவோம். மஞ்சள் பேரரசர் என்று போற்றப்படும் ஆதி மன்னரிடம் சாங்சியே என்னும் எழுத்தர் ஒருவர் இருந்தாராம். அவருக்குக் கண்கள் நான்கு. அவர் காலத்திற்கு முன் மக்கள் கயிற்றில் முடிச்சிட்டே கணக்குகளை நினைவிற் கொண்டனர். மண்ணில் பதிந்திருந்த பறவைகளின் காற்சுவடுகளையும் விலங்குகளின் குளம்படிகளையும் ஒருநாள் கண்ட சாங்சியே, 'சுவட்டைக் கொண்டே இன்ன பறவை, இன்ன விலங்கு என்று சொல்லிவிட முடிகிறதே; அவ்வாறே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுவட்டை வகுத்தால் என்ன?' என்று எண்ணினார். அங்ஙனம் எழுத்துப் பிறந்தபோது வானம் தானிய மழை பொழிந்தது; இரவில் பேய்கள் அழுதன. இக்கதையின் பிற்பகுதியை, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த 'ஹுவாய்நான்சி' என்னும் நூலிற் காணலாம். ஆக, கோழி கிளறியது என்று நாம் நகைத்தது முற்றிலும் பிழையன்று போலும்!

பேய்கள் ஏன் அழவேண்டும்? எழுத்தில் வடித்துத் தம்மீது குற்றஞ்சாட்டிவிடுவார்களோ என்று அஞ்சி அழுதன என்பது பழைய உரையாசிரியர் ஒருவர் தரும் விளக்கம். ஏட்டில் ஏறிவிட்டதை எளிதில் மறுக்க இயலாது என்பது பேய்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இனிக் கதையை விடுத்து வரலாற்றிற்கு வருவோம்.

நாக எலும்பு

சீனர் 'லோங்' என்றழைக்கும் பறவைநாகத்தின் படத்தைப் புத்தாண்டு நாட்களில் நாம் காண்கிறோம். அந்நாகத்தின் எலும்பு என்று பெயரிட்டுப் பழங்கால விலங்குகளின் எலும்புகளைப் பொடித்து மருந்தாக உண்ணும் வழக்கம் சீன வைத்தியத்தில் நெடுங்காலமாக உண்டு. வடசீனத்தின் ஹெனான் மாநிலத்தில் ஆன்யாங் நகருக்கு அருகே, ஹுவான் ஆற்றங்கரையில், சியாவ்துன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் உழவர்கள் நிலத்தை உழும்போது எலும்புத் துண்டுகளும் ஆமையோட்டுத் துண்டுகளும் கலப்பையில் சிக்கின. அவற்றை நாக எலும்பு என்று மருந்துக்கடைகளுக்கு விற்றனர். சிலவற்றில் நுண்ணிய கீறல்கள் இருந்தன. கீறல் உள்ள எலும்பை வாங்கக் கடைக்காரர் தயங்கியமையால், உழவர்கள் அவற்றைச் சுரண்டிவிட்டு விற்றனர் என்றும் கூறுவர். உலகின் பழம்பெரும் எழுத்தாவணங்களுள் எத்தனை இவ்வாறு சுரண்டப்பட்டும், உரலில் இடிபட்டும், கஷாயமாகக் காய்ச்சப்பட்டும் மறைந்தனவோ! அவ்வுழவரை நாம் குறைகூறுவதற்கில்லை. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் கிடைத்ததை விற்று ஒருவேளை உணவு தேடிக்கொண்டனர். எழுத்தறியாமையின் விலையை ஒரு நாடே கொடுக்க நேர்ந்தது.

1899இல் பெய்ஜிங் நகரில் வாங் யீரோங் என்னும் அறிஞர் இருந்தார். அரசின் உயர்கல்விக் கழகத்திற்குத் தலைவர். பழைய வெண்கலக் கலங்களிற் பொறித்த எழுத்துகளைப் படிப்பதில் வல்லவர். அவருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டதாகவும், வைத்தியர் எழுதித் தந்த சீட்டின்படி வாங்கி வந்த நாக எலும்பில் எழுத்துகள் இருப்பதை அவர் கண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. பழம்பொருள் வணிகர்களே அவரிடம் எலும்புகளைக் கொண்டுவந்து காட்டினர் என்பர் வேறு சிலர். இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், அக்கீறல்கள் மிகத் தொன்மையான எழுத்துகள் என்று உணர்ந்தவர் அவரே. நல்ல விலை கொடுத்து நூற்றுக்கணக்கில் அவற்றை வாங்கினார். மறு ஆண்டு, 1900இல், எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கிற்குள் புகுந்தபோது, நகரைக் காக்கும் பொறுப்பேற்றிருந்த அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எழுத்தைக் கண்டவர் அதைப் படித்தறிய ஓராண்டுக் காலமே கிடைத்தது.

அவர் சேர்த்தவற்றுட் பெரும்பகுதியை அவர் நண்பரும் நாவலாசிரியருமான லியூ தியேயுன் பெற்று, தாமும் பல சேர்த்து, 1903இல் முதன்முதலாக நூலாக வெளியிட்டார். எலும்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதை வணிகர்கள் ஒளித்து வைத்திருந்தனர். தொழில் இரகசியம் அல்லவா! லோ ஜென்யூ என்னும் அறிஞர் 1908ஆம் ஆண்டளவில் சியாவ்துன் என்னும் ஊர்ப்பெயரைக் கண்டறிந்தார். 1917இல் வாங் குவோவெய் என்பார் எலும்புகளில் உள்ள அரசர் பெயர்களைத் தொகுத்து, ஸூமா சியென் என்னும் வரலாற்றாசிரியர் கி.மு. 100ஆம் ஆண்டளவில் எழுதிய ஷாங் மரபு மன்னர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஷாங் மரபே வெறும் கற்பனை என்று எள்ளியவர்கள் அக்காலத்தில் இருந்தனர். ஆயின், பட்டியல் சிற்சில இடங்களைத் தவிர எலும்புகளோடு பொருந்தி நின்றது! தமக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துபோன ஓர் அரசமரபின் பெயர் வரிசையை அப்பழைய ஆசிரியர் அவ்வளவு செம்மையாக அறிந்திருந்தார்.

1928இல் தோங் சோபின் தலைமையில் ஆன்யாங்கில் முறையான அகழாய்வு தொடங்கியது. 1936ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அப்பருவத்து வேலையை முடித்துக்கொண்டு புறப்படவிருந்த வேளையில், ஒரே குழியில் 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. மண்ணோடு சேர்த்து ஒரே பாளமாகப் பெயர்த்தெடுத்து அதனை நான்கிங் நகருக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டு ஜப்பானியப் போர் மூண்டது, அகழாய்வும் நின்றது. இதுகாறும் கிடைத்துள்ள துண்டுகள் மொத்தம் ஏறத்தாழ 150,000 என்று கணக்கிடுவர்.

அரசன் கேட்ட கேள்விகள்

அவ்வெலும்புகளில் என்னதான் எழுதியிருக்கிறது? பாட்டோ கதையோ அன்று. அவை குறி கேட்ட கணக்குகள்.

ஷாங் மன்னர், ஏதேனும் ஒரு செயலைத் தொடங்குமுன் மறைந்த தம் முன்னோரிடம் கேள்வி கேட்பது வழக்கம். அதற்கெனத் தூய்மை செய்த ஆமையின் வயிற்றோடு, அல்லது மாட்டின் தோள்பட்டை எலும்பு, ஆயத்தமாக இருக்கும். அதன் பின்புறத்தில் வரிசையாகச் சிறு குழிகளைக் குடைந்திருப்பர். குறி சொல்பவர் கேள்வியை உரக்கக் கூறிவிட்டு, குழியில் கனலும் கொள்ளியை வைப்பார். சூட்டினால் முன்புறத்தில் வெடிப்புத் தோன்றும். செங்குத்தாக ஒரு பிளவு, அதன் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஒரு சிறு பிளவு. அப்பிளவின் போக்கைப் பார்த்து மன்னரே நன்மை தீமை உரைப்பார். குறி பார்த்தலைக் குறிக்கும் சீன எழுத்து இன்றும் அவ்வெடிப்பின் வடிவமாகவே இருக்கிறது: ஒரு நெடுங்கோடு, பக்கத்தில் ஒரு சிறு கோடு. பின்னர், இன்ன நாளில் இன்னார் இன்ன கேள்வி கேட்டார் என்று கத்தியால் அவ்வோட்டிலேயே பொறித்து வைத்தனர். சிலவற்றில் மன்னர் உரைத்த பலனும், நடந்தது யாது என்பதும் கூடச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்விகளைப் படித்தால் அரசனும் மனிதனே என்று தோன்றும். அடுத்த பத்து நாட்களில் மழை பெய்யுமா? தினை விளையுமா? வேட்டையில் மான் சிக்குமா? அண்டை நாட்டார் படையெடுப்பார்களா? மன்னருக்குப் பல்வலி, எந்த முன்னோரின் சினத்தால் வந்தது? விடியற்காலையில் வானத்தைப் பார்த்து, இன்று மரம் நனையுமா, வேலை உண்டா என்று கவலையுறும் நமக்கு அந்த மழைக் கேள்வி அயலானதன்று. மழையைக் குறிக்கும் எழுத்தும் அன்றே இருந்தது: மேலே வானத்தைக் காட்டும் ஒரு கோடு, கீழே துளிகள்.

இவற்றோடு மறைக்கத்தகாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போரிற் பிடிபட்டவர்களை முன்னோருக்குப் பலியிடலாமா, எத்தனை பேரைப் பலியிடலாம் என்ற கேள்விகளும் அவ்வோடுகளில் ஏராளமாக உள்ளன. எழுத்து தோன்றியதாலேயே மக்கள் மென்மையானவராகிவிட்டனர் என்று எண்ணுவதற்கில்லை. அக்காலத்து எழுத்து மன்னர் அவையின் உடைமை. ஏரோட்டியவனும் பலிக்களத்தில் நின்றவனும் அதில் கேள்வி கேட்டாரில்லை.

இவ்வோடுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஃபூ ஹாவ். கி.மு. 1250ஆம் ஆண்டளவில் அரியணை ஏறிய வூ திங் மன்னரின் தேவியருள் ஒருவர். படை நடத்திச் சென்ற வீராங்கனை. ஒரு போரில் 13,000 பேர் கொண்ட படை அவருக்குத் திரட்டப்பட்டதாக ஓடு ஒன்று கூறுகிறது. அவர் கருவுற்றிருந்தபோது மன்னர் குறி கேட்டார். இன்ன நாளில் பிறந்தால் நன்று, இன்ன நாளில் பிறந்தால் மிக நன்று என்று பலனும் சொன்னார். 31 நாள் கழித்து, அவர் குறித்த இரண்டு நாட்களிலும் அன்றி வேறொரு நாளில், குழந்தை பிறந்தது. எழுத்தர் அதனை ஒளிக்காமற் பொறித்தார்: நன்றாக அமையவில்லை, பெண் குழந்தை. பல்லாயிரவருக்குத் தலைமை ஏற்று வெற்றி ஈட்டிய பெண்மணி ஒருவர் பெற்ற மகவைப் பற்றித்தான் அவ்வாறு எழுதினர். இந்த முரண்பாட்டை அவ்வெழுத்தர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1976இல் ஜெங் ஜென்சியாங் என்னும் பெண் தொல்லியலாளர் தலைமையில் ஃபூ ஹாவின் கல்லறை தோண்டி எடுக்கப்பட்டது. கள்வர் கை படாத கல்லறை. 1,900க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளே இருந்தன; வெண்கலக் கலங்கள் மட்டும் 460க்கு மேல். அவருடன் புதைக்கப்பட்ட பதினாறு மனிதரின் எலும்புகளும் இருந்தன. கலங்கள் பலவற்றில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. எலும்பில் படித்த பெயரும் மண்ணில் கிடைத்த பெயரும் ஒன்றாயின.

எழுத்து எவ்வாறு அமைந்தது

நம் தமிழ் எழுத்துகள் 247. அவற்றைக் கற்ற சிறுவன் எந்தச் சொல்லையும் ஒலிக்கூட்டிப் படித்துவிடுவான். சீன எழுத்து அத்தகையதன்று; அது சொல்லுக்கு ஒன்றாக அமைந்தது. 1716இல் நிறைவுற்ற காங்சி அகராதியில் 47,000 எழுத்துகள் உள்ளன. அஞ்சவேண்டா! நாளிதழ் படிக்க ஏறத்தாழ 3,000 போதும். அத்தனையும் வெவ்வேறான ஓவியங்கள் அல்ல.

மரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு செங்குத்துக் கோடு அடிமரம்; குறுக்கே ஒரு கோடு கிளை; கீழே இருபுறமும் சரியும் இரு கோடுகள் வேர். இதுவே மரம். இரண்டு மரங்களை அடுத்தடுத்து எழுதினால் தோப்பு. மூன்றை அடுக்கினால் காடு. நமக்கு அறிமுகமான 'லிம்' என்னும் குடும்பப்பெயர் அந்த இரட்டை மரந்தான். தோப்பு என்பது அதன் பொருள். மரத்தின் பக்கத்தில் ஒரு மனிதனை எழுதினால் ஓய்வு. நிரையை வெட்டி முடித்து, பால் இறங்கும்வரை மரத்தடியிற் சாய்ந்திருப்பவருக்கு இவ்வெழுத்தை விளக்க ஆசிரியர் வேண்டுவதில்லை.

ஆனால், கண்ணாற் காணும் பொருளை எழுதிவிடலாம்; 'வா' என்பதை எவ்வாறு வரைவது? அங்கேதான் பழஞ்சீனர் ஓர் உபாயம் கண்டனர். அவர்கள் மொழியில் ஒருவகைக் கோதுமைக்கும் வருதலுக்கும் ஒலி ஒத்திருந்தது. எனவே கோதுமைக் கதிரை வரைந்து 'வா' என்று படித்தனர். படம் ஒலியாயிற்று. எழுத்து என்பது ஓவியத்தினின்றும் பிரிந்து நிற்கும் இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இதன் அடுத்த படி, பொருளுக்கு ஒரு பாதி, ஒலிக்கு ஒரு பாதி என்று இரண்டையும் இணைத்தெழுதுதல். தாயைக் குறிக்கும் 'மா' என்ற சொல்லுக்கு இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை! தாய்க்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று திகைக்கவேண்டா. சீனத்தில் குதிரையும் 'மா'. குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. 'இது பெண்ணைப் பற்றிய சொல். குதிரை என்பதைப் போல ஒலிக்கவும்' என்று அவ்வெழுத்து நமக்குச் சொல்கிறது. இன்று வழங்கும் சீன எழுத்துகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இவ்வகையினவே.

வியப்பு என்னவெனில், இம்முறைகள் அனைத்தும் ஆமையோடுகளிலேயே காணக்கிடக்கின்றன. அவற்றில் எண்ணப்பட்டுள்ள வேறுபட்ட எழுத்துகள் ஏறத்தாழ 4,500. அஃதாவது, அங்கே நாம் காண்பது எழுத்தின் குழந்தைப் பருவம் அன்று, வளர்ந்த பருவம். அதற்கு முன்னும் நெடுங்காலம் எழுதியிருக்க வேண்டும். தூரிகையைக் கையிற் பிடித்திருப்பதாகவும், மூங்கிற் சீவல்களைக் கயிற்றாற் கோத்த ஏடாகவும் தோன்றும் எழுத்துகள் அவ்வோடுகளிலேயே இருக்கின்றன. அக்கால மூங்கில் மக்கிப்போயிற்று, எலும்பு நின்றது. 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜியாஹூ என்னும் இடத்து ஆமையோடுகளிலும் சில குறிகள் உள்ளன. அவற்றை எழுத்து என்று கொள்வதில் அறிஞர்க்குள் உடன்பாடு இல்லை.

படித்தறியப்பட்டவை மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சியவற்றுட் பல, மறைந்த ஊர்களின், மனிதர்களின் பெயர்களாக இருக்கலாம். ஆன்யாங்கில் 2009இல் திறக்கப்பட்ட எழுத்து அரும்பொருளகம், படிக்கப்படாத எழுத்து ஒன்றைச் சான்றோடு விளக்குவோர்க்கு எழுத்தொன்றிற்கு 100,000 யுவான் பரிசு என்று 2016இல் அறிவித்தது. 2017இல் இவ்வெலும்புகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

அரண்மனையிலிருந்து போர்க்களம் வரை

கி.மு. 1046ஆம் ஆண்டளவில் ஜௌ மரபினர் ஷாங் மரபை வீழ்த்தினர். எலும்பின் இடத்தை வெண்கலக் கலங்கள் பெற்றன. மன்னர் அளித்த நிலமும் பட்டமும் அக்கலங்களில் பொறிக்கப்பட்டன. பின்னர் நாடு பல சிற்றரசுகளாகப் பிளவுண்டபோது எழுத்தும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. கி.மு. 221இல் சின் ஷி ஹுவாங் அவற்றை எல்லாம் வென்று ஒரே பேரரசாக்கினார். அளவைகளையும் வண்டியச்சின் அகலத்தையும் ஒன்றாக்கியதோடு, அமைச்சர் லீ ஸூவின் வழியே எழுத்தையும் ஒன்றாக்கினார். அதே பேரரசர் கி.மு. 213இல் நூல்களை எரிக்க ஆணையிட்டதையும் வரலாறு மறக்கவில்லை.

ஆயினும், எழுத்தின் வடிவத்தை மெய்யாக மாற்றியவர்கள் அமைச்சரும் அல்லர், பேரரசரும் அல்லர். நாள் முழுதும் கணக்கும் கட்டளையும் எழுதிக் கைசலித்த சிற்றலுவலர்களே அதனைச் செய்தனர். நம் தோட்டத்துக் கிராணிமாரைப் போன்றவர்கள். வளைந்த கோடுகளை நிமிர்த்தினர்; வட்டத்தைச் சதுரமாக்கினர்; விரைந்து எழுதினர். கதிரவனைக் குறிக்கும் வட்டம் பெட்டி வடிவமானது இதனாலேதான். அப்படிப்பட்ட கிராணி ஒருவரின் கல்லறை 1975ஆம் ஆண்டின் இறுதியில் ஹூபெய் மாநிலத்தின் ஷுயிஹுதி என்னுமிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் ஷீ. அவர் உடலைச் சுற்றி 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை சட்டங்களும் அலுவலக விதிகளும்! இறந்த பின்னும் அலுவலக ஏட்டை அவர் விடவில்லை.

அதே இடுகாட்டில் மற்றொரு கல்லறையில் இரண்டு மரப்பலகைகள் கிடைத்தன. ஹெய்ஃபூ, ஜிங் என்னும் இரு சகோதரர்கள், சின் படையிற் சேர்ந்து போர்க்களத்தினின்று வீட்டிற்கு எழுதிய கடிதங்கள் அவை. காலம் கி.மு. 223ஆம் ஆண்டளவு. சீனத்தில் இதுவரை கிடைத்த குடும்பக் கடிதங்களுள் இவையே மிகப் பழையவை. தாய் நலமா, உறவினர் நலமா என்று ஒருவர் விடாமற் கேட்கின்றனர். பின்னர்ப் பணமும் கோடைக்குத் துணியும் அனுப்புமாறு வேண்டுகின்றனர். ஊரில் துணி மலிவாயின் தைத்தே அனுப்புங்கள். விலை மிகுதியாயின் பணத்தை மட்டும் அனுப்புங்கள், இங்கே வாங்கிக்கொள்கிறேன் என்பது ஹெய்ஃபூவின் கணக்கு. வெற்றி தோல்வியைப் பற்றிய பெருமிதம் ஏதுமில்லை. ஜிங் தன் கடிதத்தில் பணம் உடனே வராவிடில் பிழைப்பது அரிது என்றே கெஞ்சுகிறான்.

ஆமையோட்டில் மன்னன் தன் முன்னோரைக் கேட்ட கேள்விகளைப் படித்துவிட்டு இப்பலகைகளைப் படிப்போர்க்கு, இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் எழுத்து எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது என்பது புலனாகும். சகோதரர் தாமே எழுதினரோ, எழுதத் தெரிந்த தோழர் எழுதித் தந்தாரோ, தாயைக் கேட்கும் குரல் அவர்களுடையதே. நம் பாட்டனார் காலத்தில் எழுத்தறியாதோர் ஆசிரியரிடமோ கிராணியிடமோ சென்று ஊருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்திருந்த காட்சியை நாம் கேள்வியுற்றிருக்கிறோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடையோரத்து நடைவழிகளில் மேசை போட்டமர்ந்து, சுரங்கக் கூலிகளுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் கடிதம் எழுதித் தந்த சீன எழுத்தர்கள் அண்மைக்காலம் வரை இருந்தனர். பணமும் கடிதமும் ஒன்றாகச் சேர்ந்து ஃபூஜியன், குவாங்தோங் மாநிலங்களுக்குச் சென்ற அவ்வஞ்சல்களைச் சீனர் 'சியாவ்பி' என்பர். அவையும் 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றப்பட்டன.

கி.பி. 100ஆம் ஆண்டில் ஷூ ஷென் என்பார் 9,353 எழுத்துகளை 540 தொகுதிகளாக வகுத்து முதற் பேரகராதியை எழுதி முடித்தார். கி.பி. 105இல் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை இவற்றைக் கொண்டு நல்ல காகிதம் செய்யும் முறையை மன்னருக்கு அறிவித்தார். அதற்கும் முந்திய காகிதத் துண்டுகள் மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. எனினும் புகழ் அவருக்கே சென்றது.

ஓரெழுத்து, பல நாவு

5 என்னும் இலக்கத்தை நாம் 'ஐந்து' என்கிறோம். மலாய் நண்பர் 'லீமா' என்பார். ஆங்கிலேயர் 'ஃபைவ்' என்பார். குறி ஒன்று, ஒலி வேறு. சீன எழுத்து முழுவதும் அப்படிப்பட்டது என்று எண்ணிக்கொண்டால் பெரும்பாலும் விளங்கிவிடும். முன்னர்க் கண்ட இரட்டை மரத்தை ஹொக்கியென் மக்கள் 'லிம்' என்பர், கண்டனீசு மக்கள் 'லாம்' என்பர், மாண்டரினில் 'லின்'. பதிவேட்டில் மூன்று வேறு பெயர்களாகத் தோன்றுவோர் தம் மொழியில் கையெழுத்திட்டால் மூவரும் ஒரே எழுத்தையே எழுதுவர். பேச்சில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத மக்களை 2,000 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இனமாகப் பிணைத்து வைத்திருக்கும் கயிறு இதுவே. கொரியர், ஜப்பானியர், வியட்நாமியரும் இவ்வெழுத்தைக் கடன்பெற்று நெடுங்காலம் ஆண்டனர். ஜப்பானியர் இன்றும் ஆள்கின்றனர்.

தமிழும் சீனமும் ஒரே கல்லில் நின்ற நிகழ்ச்சியும் உண்டு. மலாக்காவிற்குப் பலமுறை வந்த கடற்படைத் தலைவர் ஜெங் ஹோ, 1409ஆம் ஆண்டைக் குறித்த கல்வெட்டொன்றை இலங்கைக்குக் கொண்டு சென்றார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனார் என்னும் தெய்வத்திற்கும் காணிக்கை கூறுகின்றன. 1911இல் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொழும்பு அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எழுத்தைச் சீனர் வெறுங்கருவியாகக் கருதினாரல்லர். எழுதிய காகிதத்தை மிதித்தலும் குப்பையில் எறிதலும் பாவம் என்று எண்ணினர். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து எரிப்பதற்கென்றே தனி உலை கட்டினர். சிங்கப்பூரில் தியான் ஹொக் கெங் கோயிலுக்கு அருகில் 1849இல் கட்டத் தொடங்கிய சோங்வென் மாடத்தில் அத்தகைய உலை ஒன்று இருந்தது. புத்தகம் காலிற் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இவ்வுணர்வு புரியாததன்று. ஆயின் ஒன்று: இத்துணை மதித்த எழுத்தைப் பெரும்பாலான மக்கள் கற்க வாய்ப்பற்றிருந்தனர். அரசுப் பதவிக்குரிய தேர்வுமுறை 1905இல் ஒழிந்தபோதும் நிலைமை அதுவே. மதிப்பும் மறுப்பும் ஒரே இடத்தில் இருந்தன.

எழுத்தை எளிமையாக்கும் முயற்சி பின்னர் வந்தது. 1956இல் சீனா பல எழுத்துகளின் கோடுகளைக் குறைத்தது. சிங்கப்பூர் 1969இலும், மலேசியச் சீனப் பள்ளிகள் 1980களின் தொடக்கத்திலும் அவ்வழியை மேற்கொண்டன. ஹாங்காங்கிலும் தைவானிலும் பழைய வடிவமே வழங்குகிறது. நம் பட்டணங்களில் பழைய கடைப்பலகைகள் ஒன்றும் பள்ளிப் புத்தகம் ஒன்றுமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இறுதியாக நம் தொழிலுக்குரிய எழுத்துகளைப் பார்ப்போம். ரப்பருக்கு ஹொக்கியென் பேச்சில் மரப்பால் என்று பொருள்படும் சொல் உண்டு. நாம் பால்மரம் என்கிறோமே, அதுபோல. மலேசியச் சீன நாளிதழ்களோ அதனை 'ஷூ ஜியாவ்' என்று எழுதும். மரப்பசை என்று பொருள். முதலெழுத்தின் இடப்பக்கத்தில் நாம் முன்னர்க் கண்ட அதே மரம் நிற்கிறது. இரண்டாம் எழுத்தின் இடப்பக்கம் நிலவைப் போலத் தோன்றும்; உண்மையில் அது இறைச்சியின் குறி. பழங்காலத்தில் பசையை விலங்கின் தோலையும் கொம்பையும் காய்ச்சியே எடுத்தனர். அந்நினைவு எழுத்தில் தங்கிவிட்டது. எளிய வடிவில் அதன் வலப்பக்கம் 'ஜியாவ்' என்னும் ஒலியைக் காட்டுகிறது. பால்வெட்டு என்பதற்குச் சீனச் சொல் 'கே ஜியாவ்'. அதில் 'கே' என்பது வெட்டுதல். அவ்வெழுத்தின் வலது ஓரத்தில் இரண்டு கோடுகள், ஒன்று குட்டையாகவும் மற்றொன்று நெடியதாகவும் கீழே சிறு கொக்கியோடும், நிமிர்ந்து நிற்கும். அது கத்தி.